குழந்தைக்கு ஒரு தொப்பி

இந்த முதியோர் இல்லத்தில் மோர்க்கஞ்சி கொஞ்சம் நீர்த்துத்தான் இருக்கும், ஐயா. கிண்ணத்துக்குள் உற்றுப் பார்த்தால் அடியில் ஆம்ஸ்டர்டாம் தெரியும். மற்றபடி எனக்கு ஒரு குறையும் இல்லை. கணப்பில் நெருப்பு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என் மகள் ஆல்தா வெண்ணெய் கேக் கொண்டுவந்து தருகிறாள். அறையில் கூட இருக்கும் கிழவர் விடுகிற குறட்டையில் ஹார்லெம் நகரத்துக் காற்றாலைகள் எல்லாம் எதிர்ப்பக்கமாகச் சுற்றுகின்றன, அவ்வளவுதான்.

அதனால் நீங்கள் வந்ததில் எனக்கு மகிழ்ச்சி. படம் சேர்க்கிற பெரிய மனிதர், ஹேக்கிலிருந்து படகேறி, ஒரு கிழட்டு அச்சுக்காரனைத் தேடி வருவது தினமும் நடக்கிற காரியமா. ஒரே செம்புத் தகட்டிலிருந்து எடுத்த இரண்டு தாள்களை என் மேசையில் அருகருகே வைத்தீர்கள். ஹூபெர்ட் வரைந்த நெசவாளி குடும்பம். கணப்பின் முன்னால் அப்பன் பவுல்ஸ் இரண்டு கைகளாலும் ஈரத்துணியை விரித்துப் பிடித்துக் காயவைக்கிறான். தாழ்ந்த நாற்காலியில் அம்மா லைஸ்பெத். அவள் மடியில், பிறந்து இரண்டே நாளான இரட்டைப் பிள்ளைகள், ஒரு பையன், ஒரு பெண். முதல் தாளில் பெண்குழந்தையின் தலை வெறுமையாக இருக்கிறது, காது தெரிகிறது. இரண்டாவது தாளில் தொப்பி போட்டிருக்கிறது. ஏன் என்று கேட்டீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் பதிலையும் நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

"மத்ததெல்லாம் ஹூபெர்ட் கை. தொப்பி மட்டும் பின்னாடி யாரோ கைவராத ஆளு கிறுக்கினது."

தெரியாது என்று சொல்லத்தான் இருந்தேன். இருபத்துநாலு வருஷமாகக் கேட்டவர்களிடமெல்லாம் அப்படித்தான் சொல்லிவந்திருக்கிறேன். ஆனால் எழுபத்தோரு வயதில் ஒரு மனிதன் எதை வேண்டுமானாலும் பொறுத்துக்கொள்வான், கைவராத ஆள் என்பதை மட்டும் பொறுக்கமாட்டான். அந்தத் தொப்பியைப் போட்டவன் நான். நம் நாட்டின் ஏழு மாகாணங்களிலும் வேறு எவனாலும் போட்டிருக்க முடியாது. பூதக்கண்ணாடியை எடுத்து இன்னொரு தடவை பாருங்கள். செம்பில் கோடு விழுந்துவிட்டால் விழுந்ததுதான் என்பார்கள். நான் அந்தக் காதைத் துளித்துளியாகச் சுரண்டினேன். சுரண்டிய பள்ளத்தைத் தகட்டின் பின்பக்கமிருந்து தட்டி மேலே கொண்டுவந்தேன். பிறகு மழமழவென்று தேய்த்தேன், அதன்மேல் ஒரு ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழுந்து கால் ஒடிந்துபோகும். அப்புறம்தான் தொப்பி. அதன் ஓரத்துப் பின்னலில் முடிச்சு முடிச்சாக நாற்பது இருக்கிறது, எண்ணிக்கொள்ளுங்கள்.

அந்தத் தொப்பி மட்டும் இல்லையென்றால், ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கேக் கொண்டுவருகிறவள் என் மகளாக இருக்கமாட்டாள். லைஸ்பெத்தின் மகளாக இருப்பாள். நீங்கள் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டது நல்லது. எனக்குச் சத்தமாகப் பேச வராது.

பவுல்ஸ் வீடும் என் வீடும் ஒரே சுவர். அவன் தறி அடிக்கிற அடியில் என் அலமாரியில் இருக்கிற பால் தானாக வெண்ணெயாகிவிடும். அவனுக்கு ஏற்கெனவே மூன்று பிள்ளைகள். எனக்கும் என் மனைவி ஹில்லேக்கும் கல்யாணமாகிப் பதினோரு வருஷம் ஒன்றுமில்லை. உங்கள் ஊரில் எப்படியோ, ஹார்லெமில் குழந்தை பிறந்த வீட்டு வாசற்கதவில் ஒரு சின்னப் பலகை மாட்டுவோம். சிவப்புப் பட்டும் அதன்மேல் பின்னல்துணியும் போர்த்தியிருக்கும். பெண்குழந்தை என்றால் பாதிக்கு வெள்ளைக் காகிதம் செருகியிருக்கும். அந்தப் பலகை தொங்குகிற வரை வாசலில் எவனும் சத்தம் போடக்கூடாது, அதிகாரிகூடக் கதவைத் தட்டக்கூடாது. பவுல்ஸ் வாசலில் அது மூன்று தடவை ஏறி இறங்கிவிட்டது. என் கதவில் ஆணிகூடக் கிடையாது.

பன்னிரண்டாவது வருஷம் என் கதவிலும் ஏறியது. பாதி வெள்ளை. ஆல்தா என்று பெயர் வைத்தோம். நான் ஒரு நாளைக்கு நானூறு தடவை தெருவில் இறங்கி நின்று அந்தப் பலகையைப் பார்த்தேன். அச்சகத்தில் வேலையே ஓடவில்லை. அதே வாரம் பவுல்ஸ் வாசலில் ஒன்றல்ல, இரண்டு பலகை. ஒன்று முழுச்சிவப்பு, மத்தைஸ். ஒன்று பாதி வெள்ளை, கிரீத். பவுல்ஸ் தெருவில் நின்று தலையைச் சொறிந்தான்.

"ஒண்ணு கேட்டா ரெண்டு குடுத்திருக்கான், யோரிஸ். தறி ஒண்ணுதானடா எங்கிட்ட இருக்கு."

இந்த வாக்கியத்தை நீங்கள் மறந்துவிடாதீர்கள். அவன் வாயால் சொன்னது.

இரண்டாம் நாள், என் வீட்டு மாடியில் குடியிருந்த ஹூபெர்ட் மெழுகு பூசிய தகட்டோடு பவுல்ஸ் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து வரைந்தான். நல்ல கை, ஆனால் சோம்பேறி. முதலில் காகிதத்தில் வரைந்து, திருப்பி, தகட்டில் ஏற்றுகிற பொறுமையெல்லாம் கிடையாது. கண்ணால் பார்த்ததை நேரே செம்பில் கீறிவிடுவான். கிரீத்தின் தொப்பி அன்று நனைந்து போயிருந்ததால் வெறும் தலையோடு கிடந்தாள். காதின் மேல்மடல் உள்பக்கமாக மடிந்திருந்தது, கடிதத்தின் மூலையை மடித்த மாதிரி. ஹூபெர்ட் அதையும் விடவில்லை.

மூன்றாம் நாள் லைஸ்பெத்துக்குக் காய்ச்சல் கண்டது. இரண்டு பிள்ளைகளுக்குப் பால் போதவில்லை. ஹில்லேக்கோ பால் பெருகிக் கிடந்தது. மருத்துவச்சி கிரீத்தைத் தூக்கிவந்து எங்கள் தொட்டிலில் ஆல்தாவுக்குப் பக்கத்தில் போட்டாள். ஒரு தொட்டில், இரண்டு பொட்டலம். கழுத்து வரை துணி சுற்றி, தலைக்குத் தொப்பி கட்டிவிட்டால், பத்து நாள் பிள்ளைகளும் சந்தையில் அடுக்கிய பாற்கட்டியும் ஒன்றுதான்.

பத்தாம் நாள் காலை, நல்ல வெளிச்சத்தில், ஹில்லே பால் கொடுத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தபோது தொட்டிலை எட்டிப் பார்த்தேன். ஆல்தா செத்திருந்தாள். கிரீத் என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டாள்.

நான் அழவில்லை. நேராக வாசலைத்தான் நினைத்தேன். பிள்ளை போய்விட்டால் பலகையை இறக்கவேண்டும். ஆணியைப் பிடுங்கி, காகிதத்தை உருவி, தெரு முழுக்கப் பார்க்கப் பார்க்க அதைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வரவேண்டும். என்னால் முடியாது என்று தெரிந்தது. பக்கத்து வாசலில் இரண்டு தொங்கிக்கொண்டிருந்தன. அங்கே இரண்டு, இங்கே ஒன்றுமில்லை. அதை ஆளுக்கு ஒன்று ஆக்கினேன். எந்த நீதிபதியிடம் போனாலும் இதைவிட நேராகப் பங்கு பிரித்திருக்க மாட்டார்.

சுற்றுத்துணிகளை மாற்றிக் கட்டினேன். லைஸ்பெத் வீட்டுத் துணியில் நீல நூல் ஓரம் இருக்கும், அதில் என் பிள்ளையைச் சுற்றினேன். அச்சுக்காரனுக்குக் கை நடுங்காது. பிறகு பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். பவுல்ஸ் முகத்தைப் பார்த்தான், துணியின் நீல ஓரத்தைப் பார்த்தான், அழுதான். லைஸ்பெத் காய்ச்சலில் கண்ணே திறக்கவில்லை. பெட்டியை நானே செய்து, நானே ஆணி அடித்தேன். கையிடுக்கில் அடங்குகிற பெட்டி. இப்படி ஒரு பக்கத்து வீட்டுக்காரன் யாருக்குக் கிடைப்பான் என்று தெருவே பேசியது.

திரும்பி வந்தபோது ஹில்லே எழுந்து உட்கார்ந்து பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"யாரு?" என்றாள்.

"லைஸ்பெத்தோடது போயிடுச்சு" என்றேன்.

மடியிலிருந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அப்படியா" என்றாள். விஷயம் அதோடு முடிந்தது.

அடுத்த வருஷக் கொள்ளைநோயில் மருத்துவச்சி போனாள். ஹூபெர்ட்டும் போனான், தகடு என்னிடம் தங்கிவிட்டது. நான் அந்தப் படத்தை அச்சடித்து அச்சடித்து, தாள்களை வரிசையாகப் போட்டால் ஹார்லெமிலிருந்து ரஷ்யா வரை கால் நனையாமல் நடக்கலாம். லைஸ்பெத் ஒரு தாள் கேட்டு வாங்கிப்போய்க் கணப்புக்கு மேலே ஒட்டிக்கொண்டாள். செத்த பிள்ளையின் முகம் அவளுக்கு அந்தத் தாளில்தான் இருந்தது. நிஜத்தில் அவள் அதை இரண்டு மூன்று நாள்தான் பார்த்திருப்பாள், அதுவும் பாதிக் காய்ச்சலில்.

ஆல்தா என் வீட்டில் கோதுமை ரொட்டி தின்று வளர்ந்தாள். ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் மத்தைஸ் கம்பு ரொட்டி தின்றான். பெண் பிள்ளைகளுக்கு எங்கள் ஊரில் எப்போதும் தலையில் தொப்பி. பதினேழு வருஷம் ஒரு சங்கடமும் இல்லை. அந்தக் குளிர்காலம் ஸ்பார்ன ஆறு உறைந்தது. ஊரே பனிமேல் சறுக்கிக்கொண்டிருந்தபோது காற்றில் ஆல்தாவின் தொப்பி பறந்தது. அதைப் பிடித்துக் கொடுத்தவள் லைஸ்பெத்.

மறுநாள் காலை அச்சகத்துக்கு வந்தாள். கையில் சுவரிலிருந்து உரித்தெடுத்த தாள், மூலையில் சுண்ணாம்பு ஒட்டிக்கொண்டு. ஹில்லே உள்பக்கம் ஈரத்தாள்களைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"யோரிஸ், ஒரு கிறுக்குத்தனமான காரியமா வந்திருக்கேன். சிரிக்கக் கூடாது."

"நீ வந்தாலே சிரிப்புதானே. உக்காரு."

"உக்கார மாட்டேன். ஆல்தாவோட காது. நேத்து ஆத்துல பார்த்தேன். மேல்மடல் மடிஞ்சிருக்கு."

"பொறந்ததுலேர்ந்து அப்படித்தான்."

"என் கிரீத்துக்கும் அப்படித்தானே இருந்துது. படத்துல இருக்கே. ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்ல. விடிஞ்சதும் இத உரிச்செடுத்தேன். சுவரு போச்சேன்னு பவுல்ஸ் கத்துறான்." தாளை என் மேசையில் விரித்து விரலை வைத்தாள். "இங்க பாருங்க. என் பொண்ணுக்கு வலது காது. உங்க பொண்ணுக்கு இடது காது. நான் சரியாத்தான் பார்க்கிறேனா?"

இப்போது நீங்கள் புன்னகைக்கிறீர்கள், ஐயா. படம் சேர்க்கிறவர், உங்களுக்குத் தெரியும். தகட்டை உருளையில் கொடுத்துக் காகிதத்தில் எடுத்தால் எல்லாம் இடம்வலமாக மாறித்தான் விழும். செம்பில் இடது, காகிதத்தில் வலது. எங்கள் தொழிலில் எடுபிடி வேலை செய்கிறவனுக்குக்கூடத் தெரியும். நெசவுக்காரிக்குத் தெரியாது. பவுல்ஸ் மட்டும் அந்தப் படத்தில் ஒரு கரண்டியைப் பிடித்திருந்தால் நான் தொலைந்தேன். தன் புருஷனை இடதுகைக்காரனாக்கியது எது என்று அன்றே கேட்டிருப்பாள். அவனோ இரண்டு கையாலும் துணியைப் பிடித்திருக்கிறான். கணப்பு இடம் மாறியிருக்கிறதே என்றால், ஹூபெர்ட் அந்த வீட்டில் இல்லாத மாடிப்படியையும் பவுல்ஸ் ஜென்மத்தில் வாங்காத பன்றித்தொடையையும் சேர்த்தே வரைந்தவன். அறையை யாரும் நம்புவதில்லை. முகத்தை நம்புவார்கள்.

நான் கண்ணாடியை எடுத்து நிதானமாகப் பார்த்தேன். "வலதுதான்" என்றேன்.

"வலதுதானே?"

"நீயே பாரு, லைஸ்பெத். உன் கண்ணுதானே."

நான் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனித்தீர்களா. தாளில் அது வலதுதான்.

அப்போதுதான் அவள் உட்கார்ந்தாள். சிரித்தாள். இடுப்பில் கட்டியிருந்த துணியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"இத்தனை வருஷமா பக்கத்துல இருக்கிற மனுஷன, ஒரு ராத்திரி பூரா என்னவெல்லாம் நெனச்சேன் தெரியுமா. என் நாக்க அறுத்துப் போடணும். மன்னிச்சிடுங்க, யோரிஸ்."

"மன்னிச்சாச்சு, போ. பெத்தவளுக்குத் தோணாத நெனப்பா."

"ஹில்லேகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. மனசு ஒடஞ்சிடுவா."

கொடியில் தொங்கிய தாள்களுக்குக் கீழே ஹில்லேயின் மரச்செருப்புகள் தெரிந்தன. அவை அசையவில்லை. வேலையில் இறங்கிவிட்டால் அவளுக்குக் காதே கேட்காது.

நான் மனதார மன்னித்தேன், ஐயா. பழி வைத்துக்கொள்கிற ஆள் நான் இல்லை. கிழிந்த தாளை வாங்கி வைத்துக்கொண்டு, புதிதாக ஒன்று அச்சடித்துத் தருகிறேன் என்று அனுப்பினேன். அவள் படியிறங்கியதும் தாளை அடுப்பில் போட்டேன். தகட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். அதில் அது இடது காது, ஆல்தாவுடையது எப்படியோ அப்படியே. யாராவது ஒரு நாள் லைஸ்பெத்திடம் இடம்வலம் மாறுகிற கதையைச் சொல்லிவிடலாம், உங்களைப் போல ஓர் ஆள். ஆகவே சுரண்டினேன். மாலைக்குள் காது இல்லை. அந்த வாரத்துக்குள் தொப்பி இருந்தது.

புதுத் தாளை அவள் வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப்போய்ப் பார்த்தாள்.

"காதக் காணோமே."

"தகடு தேஞ்சுபோச்சு, லைஸ்பெத். நுணுக்கமான கோடுதான் மொதல்ல போகும். வெறும் தலையா விட மனசு வரல. ஒரு தொப்பி போட்டுவிட்டேன்."

அவளுக்குக் கிரீத்தின் அடையாளம் என்று உலகத்தில் மிச்சமிருந்தது அந்த ஒரு காதுதான், எனக்குத் தெரியாமல் இல்லை. அவள் விரலால் தொப்பியைத் தடவிப் பார்த்தாள்.

"நல்லதாப் போச்சு" என்றாள். "இனிமே அவளுக்குக் குளிராது."

என் வேலைக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடைத்ததில்லை.

நீங்கள் எழுந்துவிட்டீர்கள். தாள்களைச் சுருட்டுகிறீர்கள். லைஸ்பெத் இருக்கிறாள், மூன்றாவது பாலத்துக்கு அந்தப் பக்கம் பழைய வீட்டிலேயே. பவுல்ஸ் போய்விட்டான். உங்கள் முதல் தாளைக் காட்டி, எதிரில் முகம் பார்க்கிற கண்ணாடி ஒன்றையும் பிடித்தீர்கள் என்றால் முட்டை வேகிற நேரத்துக்குள் அவளுக்குப் புரிந்துவிடும். தாராளமாகப் போங்கள். ஆல்தாவிடமும் சொல்லுங்கள். நாற்பத்தோரு வயதுக்காரி, நாலு பிள்ளை பெற்றவள், தாங்கிக்கொள்வாள். நகர அதிகாரியிடமும் சொல்லுங்கள். செத்தது என் பிள்ளை, இருந்தது அவள் பிள்ளை, தெரிந்துதான் மாற்றினேன் என்று எழுதி நீட்டினால் கையெழுத்துப் போடுகிறேன். வருத்தப்படுகிறேன் என்று மட்டும் எழுதாதீர்கள். கோதுமை ரொட்டியைத் திருப்பி எடுக்க முடியாது. அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டதையும் திருப்பி எடுக்க முடியாது.

ஒன்று மட்டும் கேட்டுவிட்டுப் போங்கள். இதையெல்லாம் எனக்காகச் செய்தேன் என்று நினைத்துவிடக் கூடாது. ஹில்லேக்காகச் செய்தேன். பதினோரு வருஷம் ஏங்கியவள், பெற்ற பிள்ளை செத்ததைத் தெரிந்துகொண்டிருந்தால் அன்றே அவளும் போயிருப்பாள். எவ்வளவு இளகிய மனசு என்கிறீர்கள். அந்தக் குழந்தை செத்த நாளில், வருஷம் தவறாமல், லைஸ்பெத்தோடு கல்லறைக்குப் போவாள். லைஸ்பெத் ஒரு பங்கு அழுதால் இவள் ஒன்பது பங்கு அழுவாள். லைஸ்பெத் படுத்த படுக்கையாகக் கிடந்த வருஷம் தனியாகவே போனாள். மகள் மேல் அவளுக்கு இருந்த பாசத்தையும் சொல்லவேண்டும். வீட்டில் அவளை ஒரு நாளும் ஆல்தா என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, குஞ்சு, குஞ்சு என்றுதான். கல்லறையில்தான் அந்தப் பெயர் வாயில் வருமாம். லைஸ்பெத்தே ஒரு தடவை சொல்லிச் சிரித்தாள். "ஹில்லே என் பிள்ளைகிட்ட உங்க பொண்ணப் பத்திதான் பேசுவா போல. அங்க உக்காந்துக்கிட்டு ஆல்தா ஆல்தான்னு சொல்லிட்டே இருக்கா."

ஆறு வருஷத்துக்கு முன்னால், கடைசி வாரத்தில் காய்ச்சல் முற்றியபோது ஹில்லே என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மனுஷா, என்னை லைஸ்பெத்தோட குழந்தைக்குப் பக்கத்துல வை. இது ஒண்ணு மட்டும் செய்" என்றாள். காய்ச்சலில் பேசுகிறவள் சொல்வதையெல்லாம் கேட்க முடியுமா. அடுத்த வீட்டுப் பிள்ளைக்குப் பக்கத்தில் பெண்டாட்டியைப் புதைத்தால் ஊர் என்ன நினைக்கும். பெரிய தேவாலயத்துக்குள்ளேயே, பிரசங்க மேடைக்குப் பக்கத்தில், நல்ல இடமாகப் பார்த்து வைத்தேன்.

முப்பத்தைந்து வருஷம், ஐயா, அவளுக்குத் துளி சந்தேகம்கூட வராமல் காப்பாற்றினேன்.